கிராமத்து நார்வே-லுத்தரன் சபை ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி

விஸ்கான்சின், மினசோட்டா, அயோவா, இரண்டு டகோட்டாக்கள் ஆகிய அமெரிக்க மாநிலங்களில் சோள வயல்களுக்கு நடுவே வெள்ளையடித்த மர ஆலயங்கள் தனித்தனியாக நிற்பதைப் பார்க்கலாம். அவற்றில் பல, 19ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து வந்த விவசாயக் குடும்பங்கள் கட்டியவை. சபைக்கு 150 வயது நிறையும்போதோ, ஆள் குறைந்து கதவை மூடப்போகும்போதோ வரலாற்றை எழுதித் தரச்சொல்லி யாரையாவது கேட்பார்கள். பொறுப்பேற்றவர் வழக்கமாக என்ன செய்கிறார்? முந்தைய விழா மலரை எடுத்து, அதற்குப் பின் வந்த போதகர்களின் பெயரைச் சேர்க்கிறார். அந்த மலரும் அதற்கு முந்தையதைப் பார்த்து எழுதியதுதான். முதல் மலரில் புகுந்த பிழை அப்படியே தலைமுறை தலைமுறையாக அச்சாகிறது. முதல் மலர் மறைத்த சண்டை வெளியே வருவதே இல்லை.

அந்தச் சண்டையைத்தான் முதலில் தேட வேண்டும். இந்தச் சபைகளின் வாழ்க்கை பிரிவினைகளின் வழியாகவே ஓடியது. ஒரே சாலையில், கூப்பிடு தூரத்தில், இரண்டு லுத்தரன் ஆலயங்களும் இரண்டு கல்லறைத் தோட்டங்களும் ஏன் இருக்கின்றன என்பதை விளக்காத வரலாறு வெறும் வாழ்த்துரை. மலர்களை ஓரமாக வைத்துவிட்டு மூலப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள்.

தொடக்க ஆண்டு ஒன்றல்ல

முதல் வேலை, ஒரு தாளில் ஆறு வரி எழுதுவது: முதல் குடும்பம் வந்த ஆண்டு, முதல் ஆராதனை, சபை அமைந்த நாள், அரசிடம் பதிவான நாள், கட்டட வேலை தொடங்கிய நாள், பிரதிஷ்டை நாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே சான்று எது என்று குறியுங்கள். சான்று இல்லாத வரி காலியாகவே இருக்கட்டும். இந்த ஆறையும் ஒன்றோடொன்று குழப்புவதால்தான் ஒரே சபைக்கு மூன்று வெவ்வேறு தொடக்க ஆண்டுகள் புழங்குகின்றன.

"நாங்களே முதல்" என்ற உரிமைப் போட்டிகளும் இங்கேதான் பிறக்கின்றன. விஸ்கான்சினின் மஸ்கீகோ குடியேற்றம் 1839இல் தொடங்கியது. அங்கே டேனியரான கிளாஸ் லாவ்ரிட்ஸ் கிளாவ்சென் 1843இல் போதகராக அபிஷேகம் பெற்றார், ஆலயக் கட்டுமானமும் தொடங்கியது. பிரதிஷ்டை நடந்ததோ 1845 மார்ச் 13. இதற்கிடையில் நார்வேயிலிருந்து ஜே. டபிள்யூ. சி. டீட்ரிக்சன் 1844இல் வந்து இறங்கி, அதே மாநிலத்தின் கோஷ்கோனாங் பகுதியில் ஓக் மரத்தடியில் ஆராதனை நடத்தி, சபைகளை அமைத்துவிட்டார். அங்கே எழுப்பிய இரண்டு மரக்கட்டை ஆலயங்களும் 1844 டிசம்பரிலும் 1845 ஜனவரியிலும் பிரதிஷ்டையாகிவிட்டன. கட்டத் தொடங்கியதில் மஸ்கீகோ முந்தி, பிரதிஷ்டையில் கோஷ்கோனாங் முந்தி. "முதல் ஆலயம்" என்று எழுதும் இடத்திலெல்லாம் எதில் முதல் என்று சேர்த்து எழுதினால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்று புத்தகங்கள்

கிராமத்துச் சபையில் மூன்று வகையான புத்தகங்கள் இருக்கும், இருந்திருக்க வேண்டும். ஒன்று, போதகர் எழுதிய சபைப் பதிவேடு: ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்து தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), திருமணம், அடக்கம், திருவிருந்து எடுத்தவர்கள். இரண்டு, செயலர் எழுதிய கூட்டக் குறிப்பேடு. மூன்று, பொருளாளரின் கணக்குப் புத்தகம். இவற்றோடு பெண்கள் சங்கத்தின் நோட்டுகள் தனியாக இருக்கும். அவற்றைத் தேடாமல் விடாதீர்கள். சபைக் கூட்டத்தில் ஆண்களுக்கு மட்டுமே வாக்கு இருந்த காலம் நீண்டது, ஆகவே கூட்டக் குறிப்பேட்டில் பெண்களின் பெயரே வராது. மணி, பலிபீடப் படம், அடுப்பு, ஆர்கன் ஆகியவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று துருவினால் பெரும்பாலும் பெண்கள் சங்கத்தின் தையல் ஏலத்திலும், லூட்டஃபிஸ்க் என்னும் காரநீரில் ஊறவைத்த கருவாட்டு விருந்திலும் போய் முடியும்.

தேடும் இடங்களை வரிசையாகச் சொல்கிறோம். ஆலயத்தின் நிலவறையும் அலமாரிகளும் முதலில். அடுத்து, கடைசியாகச் செயலர், பொருளாளர் பொறுப்பு வகித்தவர்களின் வீடுகள். பண்ணை வீட்டு மச்சில் கிடக்கும் கணக்குப் புத்தகங்கள் பல. பிறகு, அதே போதகர் சேர்த்துப் பார்த்த அக்கம்பக்கச் சபைகள். ஒரு போதகர் மூன்று நான்கு சபைகளைக் கவனித்ததால், ஆரம்ப ஆண்டுகளின் ஞானஸ்நானங்கள் பக்கத்துச் சபையின் பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது வெகு சாதாரணம். 1870க்கு முந்தைய பதிவுகள் "காணாமல் போய்விட்டன" என்று சபையார் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். தாய்ச்சபையின் புத்தகத்தைப் பாருங்கள்.

இ.எல்.சி.ஏ. என்னும் இன்றைய பெரிய லுத்தரன் திருச்சபையின் ஆவணக் காப்பகம் ஏராளமான சபைப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் வைத்திருக்கிறது. அவற்றின் படங்கள் வம்சாவளி தேட உதவும் ஆன்செஸ்ட்ரி இணையதளத்திலும் கிடைக்கின்றன. விஸ்கான்சின் மாடிசன் நகரில் உள்ள நார்வே-அமெரிக்க வம்சாவளி மையமும் நேசெத் நூலகமும் இந்தப் பதிவேடுகளுக்கென்றே இயங்குபவை. சபைக் கடிதங்கள், போதகர்களின் தாள்கள் வேண்டுமானால் மினசோட்டா நார்த்ஃபீல்டில் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் இருக்கும் நார்வே-அமெரிக்க வரலாற்றுக் கழகத்தைக் கேளுங்கள். 1925இல் தொடங்கிய கழகம் அது.

மூலப் புத்தகம் கைக்குக் கிடைத்தால், கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். துணிக் கையுறை வேண்டாம், பக்க ஓரம் அதில் மாட்டிக் கிழியும். முதுகை அழுத்தி விரிக்காமல் இரண்டு பக்கமும் மடித்த துண்டு வைத்து, பாதி திறந்த நிலையில் படமெடுங்கள். ஒட்டு டேப் போடாதீர்கள், பேனா பக்கத்தில் வரக்கூடாது. அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, எல்லாவற்றையும் எடுங்கள். உள்ளட்டையிலும் கடைசி வெற்றுத் தாள்களிலும்தான் போதகர்கள் சில்லறைக் குறிப்புகளை எழுதிவைப்பார்கள்.

எழுத்தும் தேதியும்

ஆரம்பப் பதிவுகள் டேனிஷ் சாயல் கொண்ட பழைய நார்வே மொழியில், காதிக் (Gothic) என்னும் பழைய கூர்முனைக் கையெழுத்தில் இருக்கும். இதைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. பதிவேட்டில் மொத்தமே நூறு நூற்றைம்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கூட்டக் குறிப்பேட்டை முதலில் எடுத்தால் திணறிவிடுவீர்கள். திடப்படுத்தல் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அதில் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஊர் மட்டுமே. ஒரே கையெழுத்தில் ஐம்பது வரி படித்தால் அந்தப் போதகரின் எழுத்து பிடிபடும். சிறிய "இ" (e) எழுத்து பார்வைக்கு "என்" (n) போலிருக்கும், "எஸ்" (s) இரண்டு வடிவங்களில் வரும், "யூ" (u) மேல் ஒரு வளைகோடு இருக்கும். ஆள் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் மட்டும் சிலர் லத்தீன் எழுத்தில் எழுதியிருப்பார்கள், அவற்றை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேதியில் மூன்று பொறிகள். நாள் முதலிலும் மாதம் பிறகும் வரும், அமெரிக்க வழக்கப்படி மாற்றிப் படித்துவிடக் கூடாது. "7பிஆர்" (7br) என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். அதே கணக்கில் 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். லத்தீன் எண்களை வைத்து அந்த மாதங்களைச் சுருக்கி எழுதும் பழைய முறை அது. மூன்றாவது, தேதிக்குப் பதில் ஞாயிற்றின் பெயர் மட்டும் இருக்கும்: "திரித்துவத் திருநாளுக்குப் பின் வரும் 17ஆம் ஞாயிறு" என்பது போல. தமிழ் லுத்தரன் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாட்காட்டி கைவந்தது. கணக்கு எளிது. அந்த ஆண்டின் ஈஸ்டரோடு 56 நாள் கூட்டினால் திரித்துவ ஞாயிறு, அதோடு வாரத்துக்கு ஏழாகக் கூட்டிக்கொண்டே போகலாம். 1875இல் ஈஸ்டர் மார்ச் 28. திரித்துவ ஞாயிறு மே 23. பதினேழாவது ஞாயிறு செப்டம்பர் 19.

ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயருக்கு அடுத்து வரும் ஞானப்பெற்றோர் பட்டியலை ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் உறவினர், அல்லது நார்வேயில் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள். முதல் பத்தாண்டின் ஞானப்பெற்றோர் பெயர்களை ஒரு தாளில் தொகுத்தால், சபைக்குள் எந்தக் குடும்பங்கள் ஒரே கூட்டம் என்பது தெளிவாகிவிடும். பிறகு பிளவு வரும்போது யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதற்கு இந்தத் தாளே விடை தரும். வீட்டிலேயே அவசர ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் தனிக் குறிப்போடு இருப்பார்கள். அத்தகைய பதிவுகளும் குழந்தை அடக்கங்களும் ஒரே பருவத்தில் குவிந்திருந்தால் டிப்தீரியா போன்ற கொள்ளைநோய் வந்திருக்கலாம், உள்ளூர்ச் செய்தித்தாளில் அந்த மாதங்களைத் தேடுங்கள். அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு தாமதமாகத்தான் முழுமையானது. விஸ்கான்சினில் மாநிலம் முழுவதற்கும் கட்டாயப் பதிவு 1907இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பிறப்பு இறப்பு பலவற்றுக்கும் சபைப் பதிவேடு ஒன்றே சான்று.

ஒரே ஆள், மூன்று பெயர்

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடும் நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். ஆண்டெர்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஆண்டெர்சென். அவன் மகன் லார்ஸ் என்றால் லார்ஸ் ஓல்சென். ஆண்டெர்ஸின் மகள் ஆண்டெர்ஸ்தாத்தெர் என்று தகப்பன் பெயரையே தாங்குவாள், கல்யாணமானாலும் நார்வேயில் அது மாறாது. இதற்குமேல் வசித்த பண்ணையின் பெயர் முகவரிபோல ஒட்டிக்கொள்ளும்: ஓலே ஆண்டெர்சென் பாக்கென். பண்ணை மாறினால் பெயரும் மாறும். மனைவியின் பண்ணைக்குக் குடிபோன ஆண் அந்தப் பண்ணையின் பெயரை ஏற்பது சகஜம். நார்வேயில் நிலையான குடும்பப் பெயர் சட்டமானதே 1923இல்.

அமெரிக்காவுக்கு வந்ததும் ஒருவர் ஆண்டர்சன் என்றும், அவர் தம்பி பாக்கென் என்றும், மகன் ஓல்சன் என்றும் பதிவாவது இயல்பு. ஆகவே குடும்பப் பெயரை வைத்து அட்டவணை போடாதீர்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி, அதில் ஐந்து கட்டம்: சொந்தப் பெயர், தகப்பன் பெயர், பண்ணைப் பெயர், அமெரிக்கப் பெயர், பிறந்த நாள். பிறந்த நாளே கடைசித் தீர்ப்பு. பெயர் சூட்டும் மரபும் கைகொடுக்கும். மூத்த மகனுக்குத் தகப்பனின் தகப்பன் பெயர், அடுத்தவனுக்குத் தாயின் தகப்பன் பெயர். இறந்த குழந்தையின் பெயர் அடுத்த குழந்தைக்கு வரும், அதனால் ஒரே வீட்டில் இரண்டு ஓலே இருந்தால் முதலாமவன் அடக்கப் பட்டியலில் இருக்கிறானா என்று பாருங்கள்.

எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தார்கள் என்பதை நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல் தளத்தில் இலவசமாகத் தேடலாம். 1865, 1875, 1900, 1910 மக்கள்தொகைக் கணக்குகளும் பங்கு எனப்படும் திருச்சபை வட்டாரங்களின் பதிவேட்டுப் படங்களும் அங்கே உள்ளன. பங்கை விட்டு வெளியேறியவர்களின் பட்டியல் பதிவேட்டிலேயே இருக்கும். அமெரிக்கப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1890 கூட்டாட்சிக் கணக்கு 1921 தீ விபத்தின் விளைவாகப் பெரும்பாலும் அழிந்தது. மினசோட்டாவுக்கு 1885, 1895, 1905 மாநிலக் கணக்குகளும், விஸ்கான்சினுக்கு 1895, 1905 கணக்குகளும் அந்த ஓட்டையை ஓரளவு அடைக்கும்.

எந்தச் சினட், எந்த ஆண்டில்

சினட் என்பது பல சபைகள் சேர்ந்த திருச்சபை அமைப்பு. உங்கள் சபை எதில் இருந்தது என்பதைச் சரியாகப் பிடித்தால் ஆவணம் எங்கே இருக்கும் என்பதும் சண்டை எதைப் பற்றியது என்பதும் ஒருசேரத் தெரிந்துவிடும். வேர் நார்வேயில் இருக்கிறது. அரசு திருச்சபையின் போதகர்கள் பல்கலைக்கழகம் படித்தவர்கள், கழுத்தில் மடிப்புப் பட்டை, பாடி நடத்தும் ஆராதனை. அவர்களுக்கு எதிரே ஹான்ஸ் நீல்சென் ஹௌகே (1771–1824) என்ற விவசாயி மகன் தொடங்கிய எழுப்புதல்: வீட்டுக் கூட்டம், சாமானியரின் பிரசங்கம், தனிமனித மனமாற்றம். இந்த இரண்டு மனப்போக்கும் ஒரே கப்பலில் அமெரிக்கா வந்தன.

ஹௌகே வழியில் எல்லிங் ஐல்சென் 1846இல் ஒரு சினட்டை அமைத்தார், அது 1876இல் ஹௌகே சினட் ஆனது. படித்த போதகர்களின் நார்வேஜியன் சினட் 1853இல் அமைந்தது. இந்த இரண்டு போக்குக்கும் இடைப்பட்டவையாக 1870இல் நார்வே-டேனிஷ் கான்ஃபரன்ஸும் நார்வேஜியன் அகஸ்டானா சினட்டும் வந்தன. 1880களில் நார்வேஜியன் சினட் உள்ளேயே முன்தெரிவு கோட்பாட்டுச் சண்டை வெடித்தது. ஜெர்மன் லுத்தரன்களின் மிசூரி சினட்டோடு சேர்ந்த தலைமை ஒருபுறம், எஃப். ஏ. ஷ்மிட் தலைமையில் மறுத்தவர்கள் மறுபுறம். தேவன் ஒருவரைத் தெரிந்துகொள்வது முழுக்கக் கிருபையால் மட்டுமா, அந்த மனிதன் விசுவாசிப்பான் என்று முன்கூட்டியே கண்டதாலா என்பது கேள்வி. பண்ணைக்காரர்கள் இதற்காக உறவை முறித்தார்கள், ஆலயக் கதவைப் பூட்டினார்கள், நீதிமன்றம் போனார்கள். ஞானோபதேசத்தையும் அதற்கு டேனிஷ் இறையியலர் பொன்டோப்பிடான் எழுதிய 1737 விளக்க நூலையும் மனப்பாடம் செய்து திடப்படுத்தல் பெற்றவர்கள் அவர்கள். அந்த நூல் சொன்ன பதிலை, அதாவது விசுவாசத்தை முன்கூட்டியே கண்டதால் என்பதை, ஒரு தரப்பு விட்டுவிட்டது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இதை "சிறு கருத்து வேறுபாடு" என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டால் அந்த மக்களுக்கு நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

வெளியேறியவர்கள் 1887இல் தனி அணியாகி, 1890இல் கான்ஃபரன்ஸோடும் அகஸ்டானாவோடும் சேர்ந்து ஐக்கிய நார்வே லுத்தரன் திருச்சபையை அமைத்தார்கள். அதிலிருந்து 1897இல் லுத்தரன் ஃப்ரீ சர்ச் பிரிந்தது. 1912இல் முன்தெரிவுச் சண்டைக்கு உடன்பாடு கண்டு, 1917இல் ஹௌகே, ஐக்கிய, நார்வேஜியன் சினட் மூன்றும் ஒன்றாயின. சேர மறுத்த சிறுபான்மை 1918இல் தனியே நின்றது, இன்று அது இ.எல்.எஸ். (எவாஞ்சலிக்கல் லுத்தரன் சினட்), தலைமையிடம் மினசோட்டாவின் மான்கேட்டோ. இணைந்த பெரிய திருச்சபை 1946இல் பெயரிலிருந்து "நார்வே"யை எடுத்தது, 1960இல் ஏ.எல்.சி. (அமெரிக்கன் லுத்தரன் சர்ச்) ஆனது, 1988இல் இ.எல்.சி.ஏ.வில் கலந்தது. ஃப்ரீ சர்ச் 1963இல் ஏ.எல்.சி.யில் சேர்ந்தபோது அதிலும் ஒரு பகுதி தனியே போனது.

உங்கள் சபை இந்த மரத்தில் எந்தக் கிளையில் எந்த ஆண்டு இருந்தது என்று அறிய, ஓ. எம். நோர்லி தொகுத்து 1918இல் வெளிவந்த இரண்டு தொகுதி நூல் போதும். 1843 முதல் 1916 வரையிலான நார்வே லுத்தரன் சபைகளை மாவட்டவாரியாகப் பட்டியலிட்டு, அமைந்த ஆண்டு, சேர்ந்த சினட், போதகர்கள் என்று தருகிறது. நார்வே மொழி நூல், ஆனால் சுருக்கக் குறியீடுகளைப் பழகிவிட்டால் மொழி தெரியாமலே படிக்கலாம். அதன் ஆண்டுகளையும் கூட்டக் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள், சபைகள் அனுப்பிய தகவலைத்தான் அது அச்சிட்டது.

கூட்டக் குறிப்பேட்டில் 1883 முதல் 1890 வரையிலான பக்கங்களை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். பணம் செலவழிக்க முடியுமென்றால் மொழிபெயர்ப்பாளருக்கு இந்தப் பக்கங்களைத்தான் கொடுக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை: வாக்கு எண்ணிக்கை, யார் முன்மொழிந்தது, போதகருக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டதா, ஆலயத்தை இரு தரப்பும் மாறிமாறிப் பயன்படுத்த ஏற்பாடு நடந்ததா. பிளவுக்குப் பின் பழைய புத்தகம் ஒரு தரப்பின் கையில் இருக்கும், மற்றவர்கள் புதிதாகத் தொடங்கியிருப்பார்கள். எனவே எதிர் ஆலயத்தின் புத்தகத்தையும் பார்க்காமல் இந்த அத்தியாயத்தை எழுதவே கூடாது. கோஷ்கோனாங்கில் இன்றும் வெஸ்ட் கோஷ்கோனாங் சபை இ.எல்.சி.ஏ.வில், வெஸ்டர்ன் கோஷ்கோனாங் சபை இ.எல்.எஸ்.இல். இரண்டின் சொல்லையும் பக்கம் பக்கமாக வைத்தால்தான் 1880கள் புரியும்.

நிலமும் பணமும்

ஆலய நிலம் யார் தந்தது என்று விழா மலர் சொல்வதைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். மாவட்டப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் விற்றவர், வாங்கியவர் பெயர் அட்டவணைகள் இருக்கும். வாங்கியவர் பட்டியலில் சபையின் பெயரையும், கிடைக்காவிட்டால் முதல் அறங்காவலர்களின் பெயர்களையும் தேடுங்கள். "தானம்" என்று நினைத்தது சிறு தொகைக்கு விற்றதாக இருக்கும். ஆலயமாக இல்லாமல் போனால் நிலம் கொடுத்தவரின் வாரிசுக்கே திரும்பும் என்ற நிபந்தனையும் சில பத்திரங்களில் உண்டு. மூடும் நிலையிலுள்ள சபைக்கு இது வரலாறு மட்டுமல்ல, வழக்கறிஞரிடம் காட்ட வேண்டிய விஷயம்.

இட விவரத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். டவுன்ஷிப் என்பது 6 மைல் சதுரம், அதில் 36 செக்ஷன். எண் வடகிழக்கு மூலையில் 1 எனத் தொடங்கி மேற்கே 6 வரை போய், அதன் கீழே 7 தொடங்கிக் கிழக்கே திரும்பி, இப்படியே வளைந்து வளைந்து தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். ஒரு செக்ஷன் 640 ஏக்கர். கால் செக்ஷன் 160 ஏக்கர், குடியேறிகளுக்கு அரசு நிலம் வழங்கிய 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் தந்த அளவு அதுவே. காலில் கால் 40 ஏக்கர். பழைய நில வரைபடங்களில் ஆலயம் சிறு சிலுவையாகக் குறிக்கப்பட்டிருக்கும். 1870களின் படத்தையும் 1890களின் படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவது சிலுவை எப்போது முளைத்தது என்று தெரியும்.

கணக்குப் புத்தகத்தில் முதலில் போதகரின் சம்பளத்தைப் பாருங்கள். ஆண்டுத் தொகையோடு கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்று பண்டிகைக் காணிக்கைகளும் அவருக்கே என்று அழைப்புக் கடிதத்தில் இருக்கும். கட்டட நன்கொடை எழுதிக்கொடுத்தவர்களின் பட்டியலையும் உண்மையில் வந்த பணத்தையும் ஒப்பிடுங்கள். மினசோட்டாவில் 1873 முதல் 1877 வரை வெட்டுக்கிளி கோதுமையைத் தின்றுதீர்த்தது. அந்த ஆண்டுகளில் கட்டட வேலை நின்றிருந்தால் காரணத்தைச் சபைக்குள் தேட வேண்டாம்.

கட்டடம்

பெரும்பாலும் வரிசை இப்படி: மரக்கட்டை ஆலயம், பிறகு பலகைச் சட்ட ஆலயம், பிறகு கோபுரமோ நிலவறையோ சேர்ப்பு. பழைய கட்டடம் இடிபட்டது என்று எழுதுமுன் விசாரியுங்கள், நல்ல மரத்தை யாரும் வீணாக்கவில்லை. மஸ்கீகோ ஆலயம் பண்ணைக் களஞ்சியமாகப் பயன்பட்ட பின் 1904இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் போதகர் பயிற்சி தந்த லுத்தர் செமினரியின் வளாகத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. மினசோட்டாவின் நெர்ஸ்ட்ராண்ட் அருகே வேலி குரோவில் 1862 கல் ஆலயமும் 1894 மர ஆலயமும் ஒரே குன்றில் இன்னும் நிற்கின்றன.

மணிக்கூண்டில் ஏறிப் பாருங்கள், வார்ப்படச்சாலையின் பெயரும் ஆண்டும் மணியிலேயே வார்த்திருக்கும். ஆர்கன் இலினாய் பீகினில் இருந்த ஹின்னர்ஸ் நிறுவனத்துடையதாக இருக்க வாய்ப்புண்டு, கிராமத்துச் சபைகளுக்குப் பட்டியல் அனுப்பியே விற்றவர்கள் அவர்கள். பலிபீடப் படத்தில் கல்லறையருகே பெண்களும் வெண்ணுடைத் தூதனும் இருந்தால், நார்வேயின் மோல்டே ஆலயத்துக்கு ஆக்ஸெல் எண்டெர் வரைந்த படத்தின் நகலாக அது இருக்கக்கூடும். படத்தின் கீழ் மூலையில் நகலெடுத்தவரின் கையொப்பத்தை டார்ச் அடித்துத் தேடுங்கள். ஹெர்பியோர்ன் கௌஸ்தா, சாரா ரௌக்லாண்ட் ஆகியோர் இப்படிப் பல ஆலயங்களுக்கு வரைந்தவர்கள்.

மொழி மாறிய ஆண்டுகள்

"1920களில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். ஞாயிறு பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு, ஆராதனை, கூட்டக் குறிப்பேடு ஆகிய நான்கும் வெவ்வேறு ஆண்டுகளில் மாறின. திடப்படுத்தல் பட்டியலில் இந்தப் பிள்ளை நார்வே மொழியில், இந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் என்று பிரித்து எழுதியிருந்தால் ஆண்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணி ஒரு வரைபடம் போடுங்கள். மொத்த நூலிலும் வாசகர் அதிகம் நின்று பார்க்கும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும். அலமாரியில் உள்ள பாட்டுப் புத்தகமும் சாட்சி, மூன்று சினட்டுகள் சேர்ந்து 1913இல் கொண்டுவந்த ஆங்கிலப் பாட்டுப் புத்தகம் எப்போது வாங்கப்பட்டது என்று கணக்கில் தேடுங்கள். அயோவா சபை என்றால் 1918 மே மாதப் பக்கங்களைத் தவறாமல் பாருங்கள். ஆளுநர் வில்லியம் ஹார்டிங் பொது இடத்திலும் தொலைபேசியிலும் ஆலயத்திலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாதென்று அறிவித்தது அப்போதுதான். ஆங்கிலம் தெரியாத பாட்டிமாருக்குப் போதகர் என்ன செய்தார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் அதை அப்படியே மேற்கோள் காட்டுங்கள்.

கல்லறைத் தோட்டம்

கல்வெட்டைப் படிக்கக் காலை அல்லது மாலைச் சாய்வெயில் நல்லது. நடுப்பகலானால் கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பாசியை நீக்கத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ப்ளீச், கம்பி பிரஷ், ஷேவிங் க்ரீம், சுண்ணாம்புக்கட்டி எதுவும் வேண்டாம், பளிங்கின் மேல்தோல் கரைந்து எழுத்தே போய்விடும். கல்லில் உள்ள பெயர்களை அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் கல் இல்லாத கல்லறைகள் பல வெளிப்படும், குறிப்பாகக் குழந்தைகளுடையவை. அவர்களின் பட்டியலைத் தனியாக அச்சிடுங்கள். அவர்கள் பெயர் வேறெங்கும் இல்லை.

எழுதும்போது

பதிவேட்டில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகள், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள் பற்றிய குறிப்புகளும் இருக்கும். உயிரோடிருப்பவர், அவருடைய பெற்றோர் பற்றியவற்றை வெளியிடாதீர்கள். ஒரு வரம்பு ஆண்டை முன்கூட்டியே தீர்மானித்து, சபைக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கி, முன்னுரையில் அச்சிடுங்கள். நடுவில் ஒருவர் வந்து வற்புறுத்தும்போது அந்தத் தீர்மானம் உதவும். பிளவு அத்தியாயத்தை மட்டும் அச்சுக்கு முன் எதிர்ச்சபையில் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

முதியவர்களிடம் பேட்டி எடுக்கும்போது பழைய படங்களை மேசையில் பரப்பிவைத்துக் கேளுங்கள். "அக்காலம் எப்படி இருந்தது" என்ற கேள்விக்குப் பொதுப்பேச்சுதான் வரும். "இந்தப் படத்தில் அடுப்பு எந்தப் பக்கம், ஆண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், கிறிஸ்துமஸ் மரம் எங்கே வைத்தீர்கள்" என்றால் பெயரும் ஆண்டுமாகக் கொட்டும்.

நூலில் ஒவ்வொரு செய்திக்கும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று குறிப்பிடுங்கள். நூலின் கடைசியில் வரும் அகரவரிசைப் பெயர்ப் பட்டியலில் அமெரிக்கப் பெயரையும் பண்ணைப் பெயரையும் தனித்தனியே சேருங்கள், நார்வேயிலிருந்து தேடுபவர் பண்ணைப் பெயரைத்தான் பார்ப்பார். அச்சான நூலோடு புத்தகப் படங்கள், ஆள் அட்டவணை, மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கி மூன்று இடத்துக்கு அனுப்புங்கள்: திருச்சபையின் ஆவணக் காப்பகம், மாவட்ட வரலாற்றுச் சங்கம், மாடிசன் மையம். மூலப் புத்தகங்களை ஈரம் கசியும் நிலவறைக்குத் திருப்பி அனுப்பாமல், காப்பகத்தில் ஒப்படைக்க அடுத்த சபைக் கூட்டத்திலேயே தீர்மானம் போடச் சொல்லுங்கள்.